டீம் ஆஜைலுக்கு மாறிவிட்டது, புரோகிராம் மாறவில்லை: நிர்வாகத்தில் எதையெல்லாம் திருத்த வேண்டும்?

துறைமுகத்தை நம்பி வாழும் தொழில்கள் வடசென்னையில் ஏராளம். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி, மாதவரம் என்று எங்கு திரும்பினாலும் கன்டெய்னர் யார்டு, சரக்குக் கிடங்கு, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், சுங்க முகவர் அலுவலகம். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தரும் டீம்கள் இப்போது ஆஜைல் முறையில், அதாவது சிறு சிறு பகுதியாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறையில், வேலை செய்கின்றன. ஸ்பிரின்ட் என்ற இரண்டு வார வேலைச் சுற்று, தினமும் காலையில் பதினைந்து நிமிடம் ஸ்டாண்ட்-அப் என்ற குறுங்கூட்டம், யார் கையில் என்ன வேலை என்று காட்டும் பலகை ஒன்று திரையில். ஆனால் இந்த டீம்களையெல்லாம் சேர்த்து மேய்க்கும் புரோகிராம் அலுவலகம் பழைய பதினெட்டு மாத அட்டவணையையும் மாதாந்திர நிலை அறிக்கையையும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"மேலே இருப்பவர்களுக்கு ஆஜைல் புரியவில்லை" என்கிறது டீம். "ஆஜைல் என்று சொல்லிக்கொண்டு எதற்கும் தேதி தர மறுக்கிறார்கள்" என்கிறது மேலிடம். இரண்டு புகாரிலும் நியாயம் இருக்கிறது. எந்த இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன, அங்கே எதை மாற்றினால் வேலை நகரும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ப்ராஜெக்ட், புரோகிராம், ஆஜைல்

தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை ப்ராஜெக்ட். கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டுவது ப்ராஜெக்ட். ஒன்றையொன்று சார்ந்த பல ப்ராஜெக்ட்களைச் சேர்த்து நடத்துவது புரோகிராம். தனித்தனியாக நடத்தினால் கிடைக்காத ஒரு பலன், சேர்த்து நடத்தும்போது கிடைக்க வேண்டும். அது இல்லையென்றால் புரோகிராம் என்ற அடுக்கே தேவையில்லை.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் ஒரு புரோகிராம். 2023 தமிழக பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டபோது அது 4,181 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்திருந்தது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று பல துறைகள் அதில் இருக்கின்றன. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையில் அளவு நான்கு மடங்கானதை இங்கே கவனிக்க வேண்டும். பெரிய புரோகிராம்களில் இது இயல்பு. இறங்கிப் பார்க்கும்போதுதான் என்ன தேவை என்பது தெரியவரும். அப்படித் தெரிந்துகொண்டதை நடுவழியில் ஏற்க முடியுமா என்பதுதான் நிர்வாக முறைக்கு வைக்கப்படும் சோதனை.

ஆஜைல் பிறந்தது 2001 பிப்ரவரியில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி நான்கு மதிப்பீடுகளை எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பன்னிரண்டு கோட்பாடுகளும் சேர்ந்தன. சாரம் இதுதான்: சிறிய அளவில் செய், பயன்படுத்துகிறவரிடம் காட்டு, அவர் சொல்வதிலிருந்து கற்றுக்கொண்டு திட்டத்தை மாற்று.

மேலே படிக்கத் தேவையான சொற்கள் நான்கு:

1. ஸ்பிரின்ட்: ஒரு டீம் ஒரு சிறு இலக்கை முடிக்க எடுத்துக்கொள்ளும் குறிப்பிட்ட காலம். ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம்.
2. பேக்லாக்: செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைப்பட்டியல். மேலே இருப்பது முதலில் நடக்கும். பட்டியல் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.
3. புராடக்ட் ஓனர்: அந்த வரிசையைத் தீர்மானிக்கும் ஒரே ஆள். ஒரு குழுவுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் வரிசை நிலைக்காது.
4. டிபென்டென்சி: ஒரு டீமின் வேலை முடிந்தால்தான் இன்னொரு டீம் தொடங்க முடியும் என்ற நிலை.

2001-இல் எழுதப்பட்டது ஒரு சிறு டீமை மனதில் வைத்து எழுதப்பட்டது. பன்னிரண்டு டீம், ஒரே பட்ஜெட், மூன்று வெண்டர், அரசாங்கம் வைத்த கெடு என்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிறகு பல சட்டகங்கள் வந்தன. 2011-இல் டீன் லெஃபிங்வெல் கொண்டுவந்த 'சேஃப்' (SAFe, Scaled Agile Framework) அவற்றில் அதிகம் புழங்குவது. சட்டகத்தை விலைக்கு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அது எதிர்கொள்ளும் சிக்கல்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

## எல்லா அறிக்கையும் பச்சை, தெரு மட்டும் பள்ளம்

வழக்கமான புரோகிராம் நிர்வாகம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. தேவைகளை ஆரம்பத்திலேயே முழுதாக எழுதிவிடலாம். எழுதியபடி ஒவ்வொரு பகுதியும் நடந்தால் மொத்தமும் சரியாக வந்துவிடும். திட்டத்திலிருந்து விலகுவது தவறு, அதைத் தடுப்பதே மேலாளரின் வேலை.

முதல் நம்பிக்கை ஆட்டம் காண்பது பழைய செய்தி. 1970-இலேயே வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர், பெரிய மென்பொருளைப் படிப்படியாக ஒரே ஓட்டத்தில் கட்டி, கடைசியில் சோதிப்பது ஆபத்தானது என்று எழுதிவிட்டார். இரண்டாவது நம்பிக்கைதான் அதிகம் பேசப்படாதது. அதிகம் நாசம் செய்வதும் அதுவே.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, மழைநீர் வடிகால் கட்டுவது, மின் கம்பியைத் தரைக்கு அடியில் கொண்டுபோவது, தார்ச்சாலை போடுவது. நான்கும் நான்கு துறை, நான்கு ஒப்பந்ததாரர், நான்கு அட்டவணை. சாலை போட்டவர் தேதிக்கு முடித்துவிட்டார், அவர் அறிக்கை பச்சை, அதாவது எல்லாம் திட்டப்படி. கழிவுநீர்க் குழாய்க்காரர் அடுத்த மாதம் தன் தேதிக்குச் சரியாக வந்து அந்தச் சாலையை வெட்டினார், அவருடையதும் பச்சை. மூன்றாவது ஆள் வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை நெருங்கி, சாலை வெட்டுக்குத் தடை வந்துவிட்டது. வெட்டிய பள்ளம் மண்ணால் மூடப்பட்டு, முதல் மழையில் இறங்கிவிட்டது. பால் வண்டி உள்ளே வரமுடியவில்லை, ஆட்டோ தெருமுனையிலேயே இறக்கிவிடுகிறது. நான்கு அறிக்கைகளையும் அடுக்கி வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்.

இந்தத் தெருவில் யாரும் தன் வேலையில் தவறவில்லை. வேலைகளுக்கு நடுவில் உள்ள இடத்தை யாரும் நிர்வகிக்கவில்லை. அந்த நடு இடத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் புரோகிராம் என்ற அடுக்கே இருக்கிறது. பழைய முறை அந்த நேரத்தையும் கவனத்தையும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டின் உள்ளே நுழைந்து சதவீதம் கேட்பதில் செலவிட்டது. ஆஜைல் டீம்கள் வந்த பிறகு அந்த உள்வேலையை டீமே பார்த்துக்கொள்கிறது. நடு இடம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

## ஒரு யார்டு, ஐந்து டீம்

மென்பொருளுக்கு வருவோம். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு தன் கேட்டைத் தானியங்கி ஆக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனை உதாரணம்தான், ஆனால் பாகங்கள் நிஜமானவை:

1. டிரைவர் செல்போனில் கேட் பாஸ் தரும் ஆப்.
2. எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் யார்டு மென்பொருள்.
3. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தோடு தகவல் பரிமாற்றம்.
4. பில்லிங், ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ்.
5. எடை மேடை, பூம் பேரியர் (வண்டியை மறிக்கும் தூக்குத் தடுப்பு), கேமரா, வயரிங். இது இரும்பும் சிமென்ட்டும்.

முதல் நான்கையும் செய்கிறவர்கள் ஆஜைல் டீம்கள். ஐந்தாவது ஒரு ஒப்பந்ததாரர். டிரைவர் ஆப் டீம் ஆறாவது வாரமே அருமையான ஒரு திரையைக் காட்டிவிட்டது. ஆனால் கேட் பாஸ் செல்லுபடியாக யார்டு மென்பொருள் ஒரு பதில் தர வேண்டும். அந்த டீமின் பேக்லாக்கில் அந்த வேலை பதினெட்டாவது இடத்தில் இருக்கிறது. எடை மேடையிலிருந்து எடை தானாக வர ஒரு கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் யாருடைய எஸ்டிமேட்டிலும் இல்லை.

டீம்கள் கூடக்கூட இந்த மாதிரி இடங்கள் வேகமாகப் பெருகும். ஐந்து டீம் என்றால் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 10. பத்து டீம் என்றால் 45. ஆளைக் கூட்டினால் வேலை வேகமாகும் என்ற எண்ணம் புரோகிராம் மட்டத்தில் எடுபடாததற்கு இதுவே காரணம்.

## மாற்ற வேண்டியவை

### 1. தேதியைக் கட்டு, அளவைத் தளர்த்து

தேதி, பணம், வேலையின் அளவு ஆகிய மூன்றையும் ஆணி அடித்து நிறுத்திவிட்டால், தளர்வதற்குத் தரம் மட்டுமே மிஞ்சும். ஆஜைல் புரோகிராமில் தேதியும் பணமும் நிற்கும், அளவு நகரும். "ஆஜைலில் தேதியே கிடையாது" என்பது தவறான புரிதல்.

சில தேதிகளோடு பேரமே பேச முடியாது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானது. அந்த நாளில் எந்த யார்டும் "அடுத்த ஸ்பிரின்ட்டில் செய்கிறோம்" என்று சொல்லியிருக்க முடியாது. இப்படிப்பட்ட கெடுக்களைத் தனியாகப் பட்டியலிட்டு, எல்லா டீமின் பலகையிலும் ஏற்றி வைப்பது புரோகிராம் மேலாளரின் முதல் கடமை. அந்தத் தேதிக்கு எந்த அளவு இருந்தால் போதும் என்பதைப் புராடக்ட் ஓனர்களோடு உட்கார்ந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

### 2. உடனே பயன்படும் துண்டுகளாக வெட்டு

வேலையைப் பிரிக்க இரண்டு வழி. டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று கட்டங்களாகப் பிரிக்கலாம். அல்லது முழுசாகப் பயன்படும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம். ஆஜைலுக்கு இரண்டாவதுதான் சரி.

சென்னை மெட்ரோ முதல் கட்டம் இப்படித்தான் திறந்தது. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர். 2016-இல் விமான நிலையம்–சின்னமலை. 2017, 2018 என்று துண்டு துண்டாக வளர்ந்து, 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. அதன் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகருக்குப் போனது. அன்றைக்குத் திருவொற்றியூர் தேரடி நிலையம் தயாராகவில்லை. அதற்காகத் தடம் காத்திருக்கவில்லை. ரயில் அங்கே நிற்காமல் ஓடியது, நிலையம் 2022-இல் திறந்தது. கட்டுமானம் ஆஜைல் முறையில் நடந்ததாக இதற்குப் பொருள் இல்லை. தேதியை நிறுத்தி அளவைத் தளர்த்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த சான்று இது.

இதே சான்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது, நிர்வாக வகுப்புகளில் அதை அதிகம் பேசுவதில்லை. எந்தத் துண்டு முதலில் என்று முடிவு செய்யும்போதே, யார் காத்திருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. கோயம்பேட்டுக்கு 2015-இல் கிடைத்தது வண்ணாரப்பேட்டைக்கு 2019-இல் கிடைத்தது. தேரடிக்காரர்கள் தங்கள் தலைக்கு மேல் ரயில் போவதை ஓராண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் கடைசித் துண்டு யாருக்கு என்ற கேள்வியை ஒவ்வொரு புரோகிராமும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யார்டு உதாரணத்தில் கடைசித் துண்டு பெரும்பாலும் டிரைவருக்கான வசதியாகத்தான் போய்ச் சேரும். பில் போடுகிறவர் கூட்டத்தில் இருக்கிறார், டிரைவர் இல்லை.

முதல் துண்டு எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? ஒரே ஒரு லேன், ஒரே ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி, இரவு ஷிஃப்ட் மட்டும். டிரைவர் வருகிறார், போனைக் காட்டுகிறார், எடை பதிவாகிறது, பேரியர் தூக்குகிறது. அவ்வளவுதான். பழைய காகித கேட் பாஸ் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். இந்த ஒரு லேன் ஓடினாலே ஐந்து டீமும் ஒன்றோடொன்று இணைந்தாக வேண்டும். கேபிள் இல்லை என்பது பதினாறாவது மாதத்துக்குப் பதில் இரண்டாவது மாதத்தில் தெரியவரும். இரவு இரண்டு மணிக்கு யார்டு மூலையில் சிக்னல் கிடைப்பதில்லை என்பதும், டிரைவரின் போனில் சார்ஜ் இருப்பதில்லை என்பதும் எந்தத் தேவை ஆவணத்திலும் இருந்திருக்காது.

### 3. டிபென்டென்சிக்கு ஒரு தாளம்

டீம்கள் இரண்டு வாரத் தாளத்தில் ஓடுகின்றன. அதற்கு மேலே இன்னொரு தாளம் வேண்டும். சேஃப் முறையில் இது 8 முதல் 12 வாரம். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் எல்லா டீமும், ஏறத்தாழ 50 முதல் 125 பேர் வரை, ஒரே இடத்தில் கூடித் திட்டமிடுவார்கள்.

நடைமுறையில் இது ஒரு பெரிய சுவர். குறுக்கே ஸ்பிரின்ட்கள், நெடுக்கே டீம்கள். ஒவ்வொரு டீமும் தான் தரப்போவதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டும். இன்னொரு டீமிடமிருந்து தேவைப்படுவதை வேறு நிறச் சீட்டில் எழுதி, இரண்டுக்கும் நடுவே நூல் கட்டும். ஒரு சீட்டிலிருந்து ஏழெட்டு நூல் கிளம்பினால், அங்கேதான் ஆபத்து. யார்டு மென்பொருள் டீமின் பதினெட்டாவது இடத்து வேலைக்கு மூன்று டீம்கள் காத்திருப்பது அந்தச் சுவரில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த வேலையை மேலே ஏற்ற வேண்டும் என்று புராடக்ட் ஓனர்கள் அங்கேயே நின்றபடி முடிவெடுக்கலாம்.

எடை மேடை ஒப்பந்ததாரரும் அந்த அறையில் இருக்க வேண்டும். "அவர்கள் ஆஜைல் இல்லை" என்று வெளியே விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அவர் ஸ்பிரின்ட் ஓட்டத் தேவையில்லை. கான்கிரீட் என்றைக்கு இறுகும், பேரியர் என்றைக்கு வந்து இறங்கும் என்ற இரண்டு தேதியைச் சுவரில் ஒட்டினால் போதும். பருவமழையும் அந்தச் சுவரில் ஒரு சீட்டாக இருக்கட்டும். அக்டோபரில் பள்ளம் தோண்டத் திட்டமிடும் அட்டவணை சென்னையில் எழுதப்பட்டதாக இருக்க முடியாது.

### 4. கையில் இருப்பதைக் குறை

மேலிடத்துக்கு மிகவும் கசக்கும் மருந்து இது. எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் அறிவார்கள். கேட் மணிக்கு 20 வண்டி விடுகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வரிசையில் 120 வண்டி இருந்தால் கடைசி வண்டிக்கு 6 மணி நேரம். யார்டுகள் இன்னும் 120 வண்டியை அவிழ்த்துவிட்டால் 12 மணி நேரம். சாலையில் வண்டி இரட்டிப்பானது, உள்ளே போவது மணிக்கு அதே 20. இதைக் கணிதமாக நிறுவியவர் ஜான் லிட்டில், ஆண்டு 1961. சராசரிக் காத்திருப்பு நேரம் என்பது வரிசையில் இருப்பதை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் வருவது.

புரோகிராமில் கேட் எது? பெரும்பாலும் ஆட்கள் குறைவாக உள்ள ஒரு இடம்: டேட்டாபேஸ் தெரிந்த ஒரே ஆள், பாதுகாப்பு ஒப்புதல் தரும் ஒரு பிரிவு, பெரிய முடிவுகளை எடுக்க மாதம் ஒருமுறை மட்டும் கூடும் மேலதிகாரிகளின் ஸ்டீயரிங் கமிட்டி. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அது விழுங்கும் அளவுக்கு மட்டும் வேலையை உள்ளே அனுப்ப வேண்டும். ஒரு காலாண்டில் இருபது வேலை தொடங்கி மூன்று முடிப்பதைவிட, ஆறு தொடங்கி ஐந்து முடிப்பது மேல்.

எந்த ஆறு என்ற கேள்விக்குத் தாமதத்தின் விலையைக் கணக்கிடச் சொல்கிறது இந்த முறை. கன்டெய்னரைக் குறித்த நாளுக்குள் எடுக்காமலோ திருப்பித் தராமலோ போனால் விழும் டெமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்களைக் கட்டிப் பழகிய துறைமுகத் தொழில்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த வேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம், அதைச் செய்ய எவ்வளவு உழைப்பு? நஷ்டத்தை உழைப்பால் வகுத்து, பெரிய எண் வருவதை முதலில் எடுக்க வேண்டும். எண்கள் தோராயமாக இருந்தாலும், யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவருக்கு முதலிடம் என்ற வழக்கத்தை அது உடைக்கும்.

### 5. பணத்தைத் தவணையாக விடு

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்கி, "இந்த அம்சங்களுக்கு இவ்வளவு" என்று கட்டிப்போட்டால், மார்ச் வரை எந்த டீமும் எதையும் மாற்ற முடியாது. பேக்லாக் மாறலாம், பணம் மாறாது. பல நிறுவனங்களில் ஆஜைல் வெளிப்பூச்சாகவே நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

மாற்று வழி, டீமுக்குப் பணம் கொடுப்பது. யார்டு கேட் என்ற மொத்த வேலைக்கு இத்தனை டீம், இத்தனை மாதம் என்று ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு காலாண்டிலும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அடுத்த தவணையை விடுவது. ஒரு வேலை பலன் தரவில்லை என்று மூன்றாவது மாதத்தில் தெரிந்தால் அந்த டீமை வேறு வேலைக்குத் திருப்பலாம். நிதிப் பிரிவுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் கட்டுப்பாடு அவர்கள் கையில் கூடுகிறதே தவிர குறையவில்லை. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்டார்கள், இப்போது நான்கு முறை கேட்கலாம்.

### 6. நிறத்துக்குப் பதில் சான்று

பச்சை, மஞ்சள், சிவப்பு அறிக்கையை நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி: இப்போது எது நிஜமான ஆட்களிடம் ஓடுகிறது? போன முறை பார்த்ததிலிருந்து என்ன மாறியது? எந்த முடிவு யாரிடம் தேங்கி நிற்கிறது? முதல் கேள்விக்குப் பதிலை ஸ்லைடில் காட்டக் கூடாது, லேனில் காட்ட வேண்டும்.

## ஒப்பந்தம் என்ற பெரிய முடிச்சு

வெளி வெண்டர் வந்ததும் மேலே சொன்ன பாதி விஷயங்கள் சிக்கிக்கொள்கின்றன. ஒப்பந்தத்தில் இருநூறு அம்சங்கள் பட்டியலிடப்பட்டு, மொத்த விலை போடப்பட்டிருக்கும். ஒரு அம்சம் தேவையில்லை என்று தெரிந்தாலும் வெண்டர் அதைச் செய்தே தீருவார், செய்தால்தான் பணம். புதிதாக ஒன்று தேவைப்பட்டால் சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்குத் தனி விலை, தனிப் பேரம்.

அரசுப் பணியில் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது நல்ல காரணத்துக்காகத்தான். டெண்டருக்குப் பிறகு வேலையை இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தால் முறைகேட்டுக்குக் கதவு திறந்துவிடும். ஆகவே "ஆஜைல், அதனால் எதுவும் எழுதித் தரமாட்டோம்" என்ற வாதம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. எழுத வேண்டியதை மாற்றி எழுத வேண்டும்: எதிர்பார்க்கும் பலன், டீமின் அளவும் தகுதியும், ஒரு ஸ்பிரின்ட்டுக்கான விலை, 'முடிந்தது' என்று ஏற்க நிறைவேற வேண்டிய நிபந்தனைகள், எந்தக் கட்டத்திலும் முன்னறிவிப்போடு நிறுத்தும் உரிமை. அம்சப் பட்டியல் இணைப்பாக இருக்கலாம், ஒன்றை எடுத்து அதே எடையுள்ள இன்னொன்றைப் போட அனுமதியோடு. தணிக்கைக்குத் தேவையான தடயமும் இதில் கூடுதலாகவே கிடைக்கும். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் என்ன கேட்டோம், என்ன வந்தது, யார் ஏற்றார்கள் என்ற பதிவு இருக்கும்.

இப்படி மாறிப் பிழைத்த ஒரு பெரிய புரோகிராம் அமெரிக்காவின் எஃப்பிஐ-யுடையது. வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவரும் முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலர் விழுங்கிவிட்டு 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் சென்டினல் என்ற பெயரில் புதிய ஒப்பந்தம் போட்டார்கள், அதுவும் இழுத்தது. 2010-இல் வேலையை நேரடியாகத் தங்கள் கைக்கு எடுத்து, டீமைச் சுருக்கி, ஆஜைலுக்கு மாறினார்கள். 2012 ஜூலையில் அது நாடு முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்தது. முறை மாறியதோடு, முடிவெடுக்கும் ஆள் டீமுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இதில் பெரும் பங்கு வகித்தது என்றே நான் பார்க்கிறேன்.

## எங்கே ஆஜைல் கூடாது

எல்லாவற்றையும் ஸ்பிரின்ட்டில் போடலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். ஊற்றிய கான்கிரீட்டைப் பேக்லாக்கில் கீழே இறக்க முடியாது. மெட்ரோ தடம் எவ்வளவு சிறிய துண்டாக இருந்தாலும், ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது, அந்தக் கேட்டை யாரும் தளர்த்தவும் கூடாது. எண்ணூர், மணலி வட்டாரத்தில் ரசாயன ஆலைகளின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை "முதலில் விடுவோம், பிறகு திருத்துவோம்" என்று அணுகினால் விலை கொடுப்பது பக்கத்துக் குடியிருப்பு.

மாற்றச் செலவு குறைவாக உள்ள இடத்தில் ஆஜைல். மாற்றவே முடியாத இடத்தில் முன்கூட்டிய விரிவான திட்டம். ஒரே புரோகிராமில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே சுவரில் பார்க்கத் தெரிந்தவரே நல்ல புரோகிராம் மேலாளர்.

## புரோகிராம் மேலாளரின் வாரம் எப்படி மாறும்

வேலை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். தகவலைத் திரட்டி மேலே அனுப்புவது மட்டுமே வேலை என்றால் அந்த வேலை சுருங்கத்தான் செய்யும். பலகை எல்லோருக்கும் தெரியும்போது அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. ஆனால் மூன்று துறைகளுக்கு நடுவே தேங்கிய முடிவை ஒரு வாரத்துக்குள் எடுக்க வைப்பது, யாருடைய எஸ்டிமேட்டிலும் இல்லாத கேபிளுக்கு ஆளும் பணமும் கண்டுபிடிப்பது, சுங்கத்துறைத் தேதியும் வெண்டர் தேதியும் மோதப்போவதை இரண்டு மாதம் முன்பே பார்ப்பது — இதற்கெல்லாம் அனுபவசாலிகள் தேவை. இருபது ஆண்டு ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டியவருக்கு இதில் இருக்கும் தேர்ச்சி ஸ்கிரம் என்ற ஆஜைல் முறைக்கான ஒரு சான்றிதழில் வராது.

மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், டீம்களை இன்னொரு பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன், ஸ்டீயரிங் கமிட்டியின் கூட்டத் தேதிகளை எடுத்துப் பாருங்கள். டீம் இரண்டு வாரத்தில் ஒரு கேள்வியோடு வருகிறது, கமிட்டி ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்றால், ஒவ்வொரு கேள்விக்கும் டீம் மூன்று ஸ்பிரின்ட் வரை காத்திருக்க நேரும். கமிட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், யார்டிலேயே கூடட்டும். அந்த அரை மணி நேரத்தில் கேட் சூப்பர்வைசருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.